பெல்ஜியத்துக்கு ஏது இவ்வளவு பணம்?

2025 மே மாத நடுவில் அமெரிக்கக் கருவூலத் துறை வழக்கம்போல ஓர் அட்டவணை வெளியிட்டது. அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் எந்த நாடு எவ்வளவு வைத்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் பட்டியல் அது. மார்ச் மாதக் கணக்கில் ஜப்பான் 1.13 லட்சம் கோடி டாலருடன் முதலிடம். அதில் புதிது ஒன்றுமில்லை. ஆனால் பல வருடங்களாக முதல் இரண்டு இடங்களை விடாத சீனா மூன்றாவதாக இறங்கியிருந்தது. அதன் இடத்துக்கு 77,900 கோடி டாலருடன் பிரிட்டன் வந்திருந்தது. சீனா கையைக் கழுவுகிறது, பிரிட்டன் கைகொடுக்கிறது என்ற தொனியில் செய்திகள் பறந்தன.

பிரிட்டன் அரசே வரவுக்கு மேல் செலவு செய்து, கடன் வாங்கிக் காலம் தள்ளும் அரசு. அதன் சொந்தக் கடன் பத்திரங்களிலேயே கால்வாசிக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாடு அமெரிக்காவுக்கு எங்கிருந்து இவ்வளவு கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை. லண்டனில் உலகத்துப் பெரிய வங்கிகளும், பெரும் பணக்காரர்களின் பணத்தைத் துணிந்து முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகளும் கடை விரித்திருக்கின்றன. வளைகுடாவைச் சேர்ந்த ஒருவரோ, ஹாங்காங்கின் நிதி நிறுவனம் ஒன்றோ லண்டன் வங்கி வழியாகப் பத்திரம் வாங்கினால், அது பிரிட்டன் கணக்கில் ஏறிவிடும்.

இந்தத் தகவலைத் தருபவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவிலுள்ள கஸ்டோடியன் வங்கிகள், அதாவது பத்திரங்களைக் காப்பில் வைத்திருப்பவர்கள். தங்களிடம் கணக்கு வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம் எந்த ஊர்க்காரர் என்பது வரைதான் அவர்களுக்குத் தெரியும். அந்த நிறுவனம் யாருக்காக வைத்திருக்கிறது என்பது அடுத்த படி. அதை அவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. வாடகை வீட்டின் மின் கட்டண அட்டையில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும், குடியிருப்பவர் யார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த மாதிரிதான். கருவூலத் துறை இந்தக் குறையை மறைக்கவும் இல்லை. கேள்வி பதிலாகத் தன் தளத்திலேயே விளக்கி வைத்திருக்கிறது. தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள பெல்ஜியத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2013 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் பெயரில் இருந்த அமெரிக்கப் பத்திரங்கள் சுமார் 16,700 கோடி டாலர். 2014 மார்ச்சில் அது சுமார் 38,100 கோடி. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாடு, ஏழு மாதத்தில் 20,000 கோடி டாலருக்கு மேல் எடுத்து அமெரிக்காவுக்குக் கடன் கொடுத்ததாம்! பிறகு வந்த வேகத்திலேயே எண்ணிக்கை இறங்கவும் செய்தது. பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் யூரோகிளியர் என்ற நிறுவனம் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து மத்திய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் பத்திரங்களை அதனிடம் ஒப்படைத்து வைக்கின்றன. அந்தக் காலத்துச் சீன அந்நியச் செலாவணிக் கையிருப்பின் ஏற்ற இறக்கத்தோடு பெல்ஜியம் கணக்கைப் பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள் பலரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: உண்மையில் வாங்கியதும் விற்றதும் பெரும்பாலும் சீனா. அன்றிலிருந்து சீனாவின் கையிருப்பைக் கணக்கிடுகிறவர்கள் பெல்ஜியத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அட்டவணை சொல்லாமல் விட்டதும் உண்டு. சவுதி அரேபியாவின் கையிருப்பு எவ்வளவு என்பதை அமெரிக்கா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனியாக வெளியிடவே இல்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் என்று பலவற்றையும் ஒரே வரியில் கூட்டிப் போட்டுவிடும். 2016 மே மாதம்தான் முதன்முதலாகத் தனி எண் வந்தது: 11,680 கோடி டாலர். எண்ணெய்ப் பணத்தில் மிதந்த நாட்டுக்கு இது குறைவு என்று அப்போதே பலர் புருவம் உயர்த்தினார்கள். மீதி வேறு ஊர்களின் பெயரில் இருக்கலாம் என்ற ஊகம் அதனால் வந்தது.

அயர்லாந்து கதை இன்னும் வேடிக்கை. 2017இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறும்வரை, அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்ப, மருந்து நிறுவனங்கள் வெளிநாட்டு லாபத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவராமல் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களில் வைத்திருந்தன. அயர்லாந்து அதற்குப் பேர்போன இடம். அந்தத் துணை நிறுவனங்கள் அந்தப் பணத்தில் வாங்கியவற்றில் அமெரிக்க அரசின் பத்திரங்களும் அடக்கம். ஆக, அமெரிக்க நிறுவனத்தின் பணம் அமெரிக்க அரசுக்கே கடனாகப் போய், கணக்கில் அயர்லாந்து கொடுத்த கடனாகத் தெரிந்தது. கேமன் தீவுகள் இதற்கு நேர்மாறு. அங்கே பதிவான ஹெட்ஜ் ஃபண்டுகள் வைத்திருக்கும் அமெரிக்கப் பத்திரங்களை இந்த அட்டவணை ஒரு லட்சம் கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் காட்டுகிறது என்று அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர்களே 2025 இறுதியில் எழுதினார்கள். அந்த ஃபண்டுகள் பலவற்றை நடத்துபவர்கள் உட்கார்ந்திருப்பது நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும்.

பத்திரம் என்ற காகிதம் கைமாறுவது நின்றுபோனதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். 1960களின் இறுதியில் வால் ஸ்ட்ரீட்டில் பங்குச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடியும் வேலை முடியாமல், புதன்கிழமைகளில் சந்தையையே மூட வேண்டியிருந்தது. அதற்குத் தீர்வாக 1973இல் டெபாசிட்டரி டிரஸ்ட் கம்பெனி வந்தது. எல்லாச் சான்றிதழ்களையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, கணக்கேட்டில் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அதன் பினாமிப் பெயர் சீட் அண்ட் கோ. அமெரிக்கச் சந்தையில் புழங்கும் பங்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும், நியூயார்க்கில் வெளியாகும் எத்தனையோ நாடுகளின் டாலர் பத்திரங்களுக்கும், பதிவேட்டில் சட்டப்படி உரிமையாளர் இந்த சீட் அண்ட் கோதான். அதற்குக் கீழே தரகு நிறுவனம், அதற்குக் கீழே இன்னொரு வங்கி, அதற்குக் கீழே ஒரு ஃபண்டு, அப்புறம்தான் பணம் போட்ட ஆள். பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் நம் ஊர் டீமேட் முறை இந்த விஷயத்தில் பரவாயில்லை. இங்கே கணக்கு முதலீட்டாளரின் பெயரிலேயே இருக்கும். ஆனால் வெளிநாட்டு ஃபண்டு ஒன்று வரும்போது கணக்கு அந்த ஃபண்டின் பெயரோடு முடிந்துவிடுகிறது. ஃபண்டுக்குள் யார் பணம் என்பது பிறகு வரும் தலைவலி.

சரி, தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? சாதாரண நாட்களில் ஒன்றும் ஆகாது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அறிவித்த சுங்க வரிகளை அடுத்து அமெரிக்கப் பத்திரங்களின் விலை சரிந்தபோது, சீனா பழிவாங்க விற்கிறது, ஜப்பான் விற்கிறது என்று வதந்திகள் கிளம்பின. இரண்டு மாதம் கழித்து வந்த கணக்கில் வெளிநாட்டவரின் மொத்தக் கையிருப்பு ஏறக்குறைய அப்படியே, 9 லட்சம் கோடி டாலருக்கு மேல்தான் இருந்தது. கடன் வாங்கிய அரசு தவறாமல் வட்டி கட்டும்வரை, யாருக்குக் கட்டுகிறது என்பது அரசியல் பேச்சுக்குத்தான் உதவும். கட்ட முடியாத நாளில்தான் கேள்வி உயிர்பெறுகிறது.

அந்த நாள் இலங்கைக்கு 2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. ஏப்ரல் 18இல் கட்டவேண்டிய 7.8 கோடி டாலர் வட்டியைக் கட்டவில்லை. முப்பது நாள் அவகாசமும் மே 18இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாடு முதல்முறையாகக் கடன் தவறியது. கடன் பேச்சுவார்த்தை என்றால் முதல் வேலை, கடன் கொடுத்தவர்களைக் கூட்டி உட்காரவைப்பது. அரசுகளை அழைப்பது கடினம் என்றாலும் முடியும். ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் மூன்றும் தலைமையேற்ற ஒரு குழுவில் பல நாடுகள் சேர்ந்தன. சீனா அதில் சேராமல் பார்வையாளராக நின்று, தனியாகப் பேசியது. ஆனால் 2007இல் 50 கோடி டாலருடன் தொடங்கி, தவறிய நேரத்தில் 1,250 கோடி டாலருக்கு வளர்ந்திருந்த சர்வதேசப் பிணைமுறிகளை, அதாவது டாலர் கடன் பத்திரங்களை, யார் வைத்திருந்தார்கள்? கொழும்பிடம் அதற்கு முகவரிப் பட்டியல் எதுவும் கிடையாது. வைத்திருந்தவர்கள் தாங்களாக முன்வந்து குழு அமைத்தால்தான் உண்டு. பிளாக்ராக், அமுண்டி போன்ற பெரிய நிதி நிர்வாக நிறுவனங்கள் அப்படி ஒரு குழு அமைத்தன. அவற்றின் கையிலிருந்ததும் அவற்றின் பணமல்ல. எங்கெங்கோ இருப்பவர்களின் ஓய்வூதியமும் சேமிப்பும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கடன் என்று எண்ணப்பட்ட அந்தப் பிணைமுறிகளில் ஒரு பகுதி இலங்கை வங்கிகளிடமே இருந்தது. விலை சரிந்து கிடந்த காலத்தில் வாங்கிப் போட்டவையும் அதில் உண்டு. 2024இல் உள்நாட்டு வங்கிகளின் கூட்டமைப்பு ஒன்று தனித் தரப்பாகவே பேச்சில் உட்கார்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி, டாலரில், வெளியூர்க் கடனாகக் கணக்கில் இருந்தாலும் ஆள் உள்ளூர்க்காரர்.

இன்னொரு பக்கம் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி. கரீபியனிலுள்ள செயின்ட் கிட்ஸ் நெவிஸில் பதிவானது. 2022 ஜூலை 25இல் முதிர வேண்டிய 100 கோடி டாலர் பிணைமுறித் தொகுதியில் 25 கோடிக்கு மேல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அந்த ஜூன் மாதமே நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த எண் தற்செயலானது அல்ல. அந்தத் தொகுதியின் ஒப்பந்தப்படி நிபந்தனைகளை மாற்ற 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் மற்ற எல்லோரும் சரி என்றாலும் அவர் மறித்துக்கொள்ளலாம். நியூயார்க் நடைமுறைப்படி வழக்குத் தொடுக்கவும் ஒரு விசித்திரமான காகிதம் வேண்டும். பதிவேட்டில் உரிமையாளர் சீட் அண்ட் கோ என்பதால், உண்மையில் பணம் போட்டவர் அதனிடமிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி வருவது வழக்கம். 2024 டிசம்பரில் ஏறக்குறைய 98 சதவீதப் பிணைமுறிகள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன. ஹாமில்டன் அதில் சேரவில்லை.

இதே நேரத்தில் உள்நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ரூபாய்க் கடனை மறுசீரமைக்க 2023 நடுவில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதியம் (நம் ஊர் பி.எஃப். மாதிரி) தன் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் ரூபாய்க் கடன் பத்திரங்களை, நீண்ட காலம் ஓடும், பின்னாளில் வட்டி குறையும் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் அந்த முதலீட்டு வருமானத்துக்கு வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும். நியூயார்க் சட்டத்தின் கீழ் இருந்தவரோடு இரண்டரை வருடம் பேச வேண்டியிருந்தது. கொழும்பு சட்டத்தின் கீழ் இருந்த தையல் ஆலைத் தொழிலாளியின் சேமிப்புக்கு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு போதுமாயிருந்தது. என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் கடனைப் பற்றிய முதல் கேள்வி, அதை வைத்திருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்பதல்ல. அந்தப் பத்திரம் எந்த நாணயத்தில், எந்த ஊர்ச் சட்டப்படி எழுதப்பட்டது என்பதுதான்.

கிரீஸ் 2012இல் காட்டியதும் இதுதான். கிரேக்கச் சட்டத்தின் கீழ் இருந்த பத்திரங்களுக்குப் பின்தேதியிட்டு ஒரு விதியைச் சேர்த்து, பெரும்பான்மை முடிவை எல்லோர் மீதும் ஏற்றியது அந்த நாட்டு நாடாளுமன்றம். இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பத்திரங்களை அப்படிச் செய்ய முடியவில்லை. பிடிவாதமாக நின்ற சிலருக்கு அந்த மே மாதம் 43.5 கோடி யூரோ முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். கடன் கொடுத்த பக்கத்திலிருந்து இதைக் கற்றுக்கொண்டது ரஷ்யா. 2018 மார்ச்சில் சுமார் 9,600 கோடி டாலர் அமெரிக்கப் பத்திரங்கள் அதன் பெயரில் இருந்தன. மே மாதத்தில் அது 1,500 கோடிக்கும் கீழே போய்விட்டது. அமெரிக்கத் தடைகளுக்கு எட்டாத தூரத்துக்குப் பணம் நகர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. 2022இல் உக்ரைன் மீது படையெடுத்த சில நாட்களில், மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறக்குறைய 30,000 கோடி டாலர் சொத்தை முடக்கின. அதில் பெரும்பகுதி மாட்டிக்கொண்ட இடம் வாஷிங்டன் அல்ல, நம் பழைய பிரஸ்ஸல்ஸ் யூரோகிளியர். உரிமையாளர் ரஷ்யா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் பூட்டு பெல்ஜியத்தின் கையில். வெறும் முகவரி என்று ஒதுக்கிய பெல்ஜியம், அன்றைக்குக் கதையின் நாயகனாகிவிட்டது.

ஜப்பான் இதற்கு எதிர்முனை. பொருளாதாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அரசுக் கடன் இருந்தும் அந்த நாடு தடுமாறாததற்கு ஒரு காரணம், கடன் முழுக்க யென்னில் இருப்பது. அதில் பாதியளவு அவர்கள் மத்திய வங்கியிடமே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி உள்நாட்டு வங்கி, காப்பீடு, ஓய்வூதிய நிதிகளிடம்.

இந்தியா ஜப்பான் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. இந்திய அரசு தன் பெயரில் டாலர் பத்திரத்தை உலகச் சந்தையில் விற்றதே இல்லை. 1998இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு டாலர் தேவைப்பட்டபோதுகூட, ஸ்டேட் வங்கியின் பெயரில் வெளிநாடுவாழ் இந்தியர்களிடம்தான் கை நீட்டியது. 2019 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கலாம் என்று அறிவித்தார். ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. அதற்குப் பதில் வேறு வழி திறந்தார்கள். 2020 மார்ச்சில் சில ரூபாய்ப் பத்திரங்களை வெளிநாட்டவர் வரம்பின்றி வாங்கலாம் என்றார்கள். 2024 ஜூன் 28 முதல் அமெரிக்க வங்கி ஜேபி மார்கன், வளரும் நாடுகளின் பத்திரங்களைப் பட்டியலிடும் தன் குறியீட்டில் அவற்றைச் சேர்த்தது. உலகெங்கும் அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் தாமாகவே இந்தியப் பத்திரம் வாங்க வேண்டியதாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் மத்திய அரசின் கடனில் வெளிநாட்டவர் பங்கு சுமார் 3 சதவீதம்தான்.

அப்படியானால் மீதி யாரிடம்? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கிகளிடம், கால்வாசி காப்பீட்டு நிறுவனங்களிடம், மீதி ரிசர்வ் வங்கி, வருங்கால வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்டு என்று பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநில அரசுகள் விடும் பத்திரங்களில் வெளிநாட்டவருக்கு 2 சதவீதம் வரை அனுமதி உண்டு. அதையும் ஏறக்குறைய யாரும் தொடுவதில்லை. சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். பணமும் எல்.ஐ.சி. பிரீமியமும்தான் சென்னையில் மேம்பாலமாக நிற்கின்றன. நாம் வெளியே கொடுத்திருப்பதும் உண்டு: மேலே சொன்ன அமெரிக்க அட்டவணையில் இந்தியாவின் பெயரில் சில ஆண்டுகளாக 20,000 கோடி டாலரைச் சுற்றி இருக்கிறது. பெரும்பகுதி ரிசர்வ் வங்கியின் கையிருப்பு.

பங்குகளுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. பங்கு என்பது கடனல்ல, உரிமை. வாக்கும் சேர்ந்து வருகிறது. அதனால் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து ஆளையே வேறு வகையில் சேர்க்கிறார்கள். 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நேரடி முதலீடு, அதற்குக் கீழே என்றால் சந்தை முதலீடு. உலகம் முழுக்க இதே கோடுதான். அமெரிக்காவில் வெளிநாட்டவர் வைத்திருக்கும் பங்குகள், பத்திரங்கள் எல்லாம் சேர்த்து 2024 ஜூனில் சுமார் 31 லட்சம் கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் பங்குகள். ஆனால் அரசுக் கடனைப் பற்றி வரும் அளவுக்கு இதைப் பற்றிச் செய்திகள் வருவதில்லை.

கோட்டின் ஒரு பக்கத்துக்கு உதாரணம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1998இல் சாண்ட்ரோ கார்களோடு தொடங்கிய ஹூண்டாய் ஆலை, 2024 அக்டோபர் வரை முழுக்க முழுக்கக் கொரியத் தாய் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த மாதம் 17.5 சதவீதப் பங்குகளை இந்தியச் சந்தையில் விற்றார்கள். 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு. விற்றது தாய் நிறுவனம் என்பதால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை, நேரே சியோலுக்குப் போனது. அதில் தவறொன்றும் இல்லை, அவர்கள் பொருளை அவர்கள் விற்றார்கள். வெளிநாட்டுக் கம்பெனி இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தால் நாட்டுக்குள் முதலீடு வருகிறது என்று நினைத்துக்கொள்வோருக்காகச் சொல்கிறேன்.

மறுபக்கத்துக்கு ஐசிஐசிஐ வங்கி. அதற்கு புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, என்று ஒருவரும் கிடையாது. பங்குகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர் கையில். அப்படியானால் அது வெளிநாட்டு வங்கியா? தலைமையகம் மும்பையில், சட்டம் இந்தியச் சட்டம், வெளிநாட்டவர் யாரிடமும் தனியாகக் கட்டுப்பாடு இல்லை. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தை மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளுக்குத் தர வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் பெயரோடு வருவார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் பட்டியலில் சிங்கப்பூர் அரசாங்கம் என்றே ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும். அந்நாட்டு அரசின் கையிருப்பை நிர்வகிக்கும் ஜிஐசியின் கணக்கு அது. நியூயார்க்கில் ஏடிஆர் (பங்குக்குப் பதிலாகக் கைமாறும் ரசீது) விற்கும் இன்ஃபோசிஸ், ஐசிஐசிஐ போன்றவற்றில் டாய்ச்சு வங்கியின் அமெரிக்க டிரஸ்ட் நிறுவனம் பெரும் பங்குதாரராக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, ஜெர்மன் வங்கி இன்ஃபோசிஸை வளைத்துவிட்டது என்று பதறுகிறவர்களை இணையத்தில் பார்க்கலாம். அந்த நிறுவனம் வெறும் காப்பாளர். ரசீதுகளை வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர்.

எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கும் உரிமையாளரும் உண்டு, நார்வே. எண்ணெய் வருமானத்தை 1996 முதல் ஒரு நிதியில் போட்டு, அதை நாட்டுக்கு வெளியே மட்டும் முதலீடு செய்கிறது. உலகில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் பங்குகளிலும் சராசரியாக ஏறக்குறைய 1.5 சதவீதம் இப்போது அந்த நிதிக்குச் சொந்தம். எந்த நிறுவனத்தில் எவ்வளவு என்பது வரி வரியாக அதன் தளத்தில் இருக்கிறது. எங்கே முதலீடு செய்யக் கூடாது என்று ஆராய ஒரு நெறிமுறைக் குழுவும் உண்டு. அந்தக் குழு 2007இல் தந்த ஓர் அறிக்கையில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் உருக்காலை, மேட்டூர் மால்கோ (மெட்ராஸ் அலுமினியம்), ஒடிசாவின் லாஞ்சிகர் அலுமினா ஆலை எல்லாம் வரும். சூழல் கேடு, மனித உரிமை மீறல் அபாயம் என்று காரணம் காட்டியது. அந்த நவம்பரில் வேதாந்தா, ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், மெட்ராஸ் அலுமினியம் மூன்றையும் விற்றுவிட்டு வெளியேறியதாக நார்வே அறிவித்தது. தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தது அதற்குப் பத்தரை வருடம் கழித்து, 2018 மே மாதம். ஆஸ்லோவில் உட்கார்ந்து படித்தவர்களுக்குத் தெரிந்தது இங்கே கோப்புகளில் கிடந்தது. ஆனால் நார்வே விற்றதால் ஆலை நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விற்ற பங்கை வாங்க எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் இப்படி அறிக்கை எழுதுகிறவராக இருக்க மாட்டார். 2017இல் வங்கதேசத்தின் சுந்தரவனக் காடுகளையொட்டிய ராம்பால் அனல்மின் நிலையத்துக்காக இந்தியப் பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல்.லும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. திருச்சி பாய்லர் ஆலையில் யாருக்கும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது.

நார்வேக்கு நேரெதிர், பி-நோட்டு. இந்தியாவில் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு நிறுவனம் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் லாப நட்டத்தை மட்டும் வெளியே யாருக்கோ ஒரு சீட்டாக விற்கும். அந்த யாரோ, இந்தியாவில் எந்தப் பதிவேட்டிலும் வர மாட்டார். 2007இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வைத்திருந்த பங்கு மதிப்பில் பாதியளவு இப்படித்தான் இருந்தது. அந்த அக்டோபரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கட்டுப்பாடு கொண்டுவரப்போவதாகச் சொன்ன மறுநாள் காலை, 17ஆம் தேதி, சென்செக்ஸ் திறந்த வேகத்தில் 1,700 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, வர்த்தகம் ஒரு மணி நேரம் நின்றது. அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் தடை ஏதும் இல்லை என்று விளக்கிய பிறகுதான் சந்தை மூச்சு விட்டது. முகம் காட்டு என்று கேட்டதற்கே அந்தக் கதி.

2023 ஜனவரியில் அதானி குழுமத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஹிண்டன்பர்க் வெளியிட்ட அறிக்கை, அதே கேள்வியை மறுபடி கிளப்பியது: அந்தப் பங்குகளைக் குவித்து வைத்திருக்கும் வெளிநாட்டு நிதிகளுக்குப் பின்னால் யார்? குழுமம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையைப் படித்தால், செபி 13 வெளிநாட்டு அமைப்புகளின் இறுதி உரிமையாளர்களைத் தேடி, பல நாடுகளுக்கு எழுதி, முழு விடை கிடைக்காமல் நின்றது தெரியும். அந்த ஆகஸ்டில் செபி புது விதி போட்டது. இந்தியப் பங்கு முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் வைத்திருக்கும் நிதி, அல்லது மொத்தம் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் வைத்திருக்கும் நிதி, கடைசி மனிதர் வரை பெயர் சொல்ல வேண்டும். அரசு நிதிகள் போன்ற சிலருக்கு விலக்கு. 2025 மார்ச்சில் அந்த 25,000 கோடியை 50,000 கோடியாக உயர்த்தினார்கள். சந்தை வளர்ந்துவிட்டது என்பது காரணம்.

கடன் பத்திரத்துக்குக் கதவு இன்னும் அகலம். இந்திய அரசின் பத்திரங்களை மட்டும் வாங்கும் வெளிநாட்டு நிதிகளுக்குப் பதிவு, விவர அறிக்கை விதிகளைத் தளர்த்த 2025 ஜூனில் செபி முடிவெடுத்தது. பத்திரத்தில் வாக்கு இல்லை, கம்பெனியை வளைக்க முடியாது, குறியீட்டில் சேர்ந்த பிறகு வாங்குவோர் பெருக வேண்டும், நியாயம்தான். ரூபாயில், இந்தியச் சட்டத்தின் கீழ், வெறும் 3 சதவீதமாக இருக்கும்வரை யார் வாங்கினாலும் பெரிய ஆபத்து இல்லை என்றே நானும் நினைக்கிறேன். அந்த 3, 10 ஆகி 15 ஆனால், இன்றைக்குக் கேட்காமல் விட்ட பெயர்களை அன்றைக்கு மும்பையில் யாராவது தேடத் தொடங்குவார்கள். பட்டியலில் லக்சம்பர்க் என்றும் அயர்லாந்து என்றும் இருக்கும்.